வெட்டிய கரும்பும் நின்ற லேத்தும்

2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை. தியாகராய நகர் விடுதியில் ஐந்து மணிக்கு எழுந்தேன். முதல் நாள் உடுத்ததைத் தோய்த்துக் குளியலறைக் கம்பியில் போட்டேன். தலைவாரி, படுக்கையை மடித்து வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன். மூட்டம். தொலைபேசியில் எங்கள் ஊர் வானத்தையும் பார்த்தேன். அங்கும் மூட்டம். விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து காலையில் இரண்டு நாட்டு மழையையும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கீழே உணவகத்தில் வெறுந்தேநீர் கேட்டேன். பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பால் இல்லாமயா? வயிறு சரியில்லியாக்கா?”

“எங்கட ஊரில இப்பிடித்தான் குடிப்பம்.”

“ஓ, சிலோனா? அப்ப சர்க்கரையாவது தூக்கலா போட்டுக்கோங்க. இந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு காலையில கசப்பா வேற குடிக்கணுமா?”

சர்க்கரை தனிக் கிண்ணத்தில் வந்தது. கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்தேன். பெரிய மணி, ஈரமில்லை, நல்ல வெள்ளை. எங்கள் ஆலையில் வருவது சிவப்புச் சீனி. வெள்ளைச் சீனி முழுவதும் கப்பலில் வருகிறது. இலங்கை தின்னும் சீனியில் பெரும்பங்கு அப்படித்தான். சொந்த ஆலைகள் தருவது மிச்சம். அந்த மிச்சத்திலும் எங்கள் பங்கு மிகச் சிறியது.

நான் அந்தச் சிறிய ஆலையில் கரும்பு அலுவலர். எந்த விவசாயி எந்த நாளில் வெட்ட வேண்டும் என்று அனுமதி கொடுப்பது என் வேலை. ஆலையில் ஒரு பெரிய உருளை சுழல்கிறது, அதன் இரு பக்கமும் வெண்கலத் தாங்கிகள் அதைத் தாங்குகின்றன. பருவத்தின் கடைசி வாரங்களில், மழைக்கு முன் மிச்சக் கரும்பை அரைத்துவிடலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாங்கிகள் சூடேறி எரிந்துவிட்டன. எங்கள் பொறியியலாளர் ரோஹண உருளையின் அச்சைச் சீராக்க ஊரில் நின்றுகொண்டார். புதிய தாங்கிகளைக் கொண்டுவர, தமிழ் பேசத் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். அவருடைய அளவுத் தாளை மடிக்காமல் கொண்டுவந்திருந்தேன்.

ஆலை நின்ற அன்று காலையில்தான் எங்கள் விவசாயிகளில் ஒருவரான ரஹீமா உம்மா தன் கரும்பில் ஒரு பாதியை வெட்டி முடித்திருந்தார். மற்றவர்கள் கத்தியை எடுக்கவே இல்லை. நிற்கிற கரும்பு பொறுக்கும். வெட்டிய கரும்பு பொறுக்காது. ஒவ்வொரு நாளும் அதன் இனிப்பு இறங்கும், எடை குறையும், கடைசியில் புளித்துப்போகும். எங்கள் பக்கத்தில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாணி எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஆலையோடு ஒப்பந்தம் செய்த விவசாயி வெளியே கொடுக்க எங்கள் அனுமதி வேண்டும். ஆகவே உம்மா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், காத்திருக்கவா, கொடுத்துவிடவா என்று. நானும் “கொஞ்சம் பொறுங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாங்கிகளைக் கடையும் பட்டறை இருந்த ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஆட்டோ பிடித்தேன். நாங்கள் ஓட்டோ என்போம். உருவம் ஒன்றுதான், ஓட்டுபவரின் வாய்தான் வேறு. நான் வழி சொல்லத் தொடங்கியதும் ஓட்டுநர் திரும்பினார்.

“அந்தாண்ட போனா நீ இன்னிக்கு போய் சேர மாட்டமா. மெட்ரோக்காரன் ரோட்ட தோண்டிப் போட்டுக்கினு கீறான். கம்முனு குந்து, நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்டதில் ஒரு சந்தில் எதிரே தண்ணீர் லாரி வந்து நின்றது. அது பின்வாங்காது, நாங்களும் பின்வாங்க முடியாது. ஊரில் இப்படியானால் இரண்டு ஓட்டுநர்களும் மெதுவாகக் கதைத்துத் தீர்ப்பார்கள். இங்கே மெதுவாக யாருமே பேசவில்லை, ஆனால் தீர்ந்துவிட்டது.

பட்டறையின் உரிமையாளர் முருகவேல். அறுபதை நெருங்கியவர். முதல் தாங்கி முடிந்து மேசையில் இருந்தது. உள்பக்கம் கண்ணாடிபோல மின்னியது. ரோஹணவின் தாளை வைத்து நானே அளவுக்கோலைப் பிடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டாவது தாங்கி பெரிய லேத்தில் மாட்டியிருந்தது. அந்தோணி என்பவர் கடைந்துகொண்டிருந்தார். நொச்சிக்குப்பத்து மீனவக் குடும்பம், அண்ணன்மார் படகில், இவர் லேத்தில். சனிக்கிழமை மாலை விமானத்தில் சரக்கை ஏற்றவேண்டும். அதை விட்டால் செவ்வாய்தான். எல்லாம் திட்டப்படி இருந்தது.

மதியம் சாய்ந்ததும் காற்றோடு மழை இறங்கியது. மின்சாரம் போனது. முருகவேலிடம் ஜெனரேட்டர் உண்டு. அது விளக்குக்கும் விசிறிக்கும்தான், பெரிய லேத்தை இழுக்காது. காத்திருந்தோம், மின்சாரம் திரும்பவில்லை. தெருவில் தண்ணீர் ஏறி, பட்டறை வாசற்படியைத் தொட்டுவிட்டு நின்றது.

“பரவாயில்லை. நாளைக்குக் காலையில முடிச்சிடுவீங்கதானே?” என்று கேட்டேன்.

முருகவேல் என்னைப் பார்த்தார், அந்தோணியைப் பார்த்தார்.

“நாளிக்கு ஆயுத பூஜை மேடம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்துத்தான் பயணத்தைத் திட்டமிட்டேன். பௌர்ணமி விடுமுறையான போயா நாள், தீபாவளி, ஞாயிறு எல்லாம் குறித்திருந்தேன். எங்கள் நாட்காட்டியில் இந்த நாள் விடுமுறை அல்ல. பள்ளிக்கூடங்களில் சரஸ்வதி பூசைக்கு அவலும் கடலையும் கொடுப்பார்கள், பிள்ளைகள் பாடுவார்கள், ஆலை ஓடும். ஒரு நகரத்தின் லேத்துகள் எல்லாம் ஒரே நாளில் நிற்கும் என்பது என் கணக்கிலேயே இல்லை.

“இன்னா மேடம், உங்க ஊர்ல மெஷினுக்கு பூஜை கெடையாதா?” என்றார் அந்தோணி.

“இருக்கு. ஆனா அன்றைக்கு நிறுத்திறதில்லை.”

“பாவம் மெஷினு” என்றார்.

மாலை மயிலாப்பூருக்குப் போனேன். தரகர் வைத்தியநாதன் வீடு, குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய மாடிக் குடியிருப்பு. கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குச் சர்க்கரை அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் தாங்கிகளைக் கடையப் பொருந்தும் வெண்கல வார்ப்பு முருகவேலிடம் கிடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான். அவர் சொன்னால் முருகவேல் கேட்கலாம் என்று நினைத்தேன்.

“வாங்கோ வாங்கோ. ஆயுத பூஜைன்னு நேக்குத் தோணவே இல்லையே! நீங்க தேதி கேட்டப்போவே சொல்லியிருக்கணும்.”

“எப்படித் தோணும்?” என்றார் உள்ளிருந்து வந்த மாமி. “ஆத்துல ஒரு வாரமா கொலு வெச்சிருக்கு. அதுவே இவர் கண்ணுல படலே. நீங்க ஒக்காருங்கோ. குங்குமம் வாங்கிண்டுதான் போகணும்.”

கூடத்தில் படிகளில் பொம்மைகள் அடுக்கியிருந்தன. கடலைச் சுண்டல் தந்தார்கள். தேங்காயும் மாங்காயும் சேர்த்தது, எங்கள் கடலையில் உள்ள உறைப்பு இதில் இல்லை. 

வைத்தியநாதன் தொலைபேசியில் முருகவேலை அழைத்து, நானும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார்.

“சாமி, நீங்க இன்னா சொன்னாலும் செய்வேன். மெஷின மட்டும் கேக்காதீங்க. எங்கப்பா காலத்துலருந்து அன்னிக்கு சுச்ச தொட்டதில்ல.”

போதும் என்று வைத்தியநாதனுக்குக் கைகாட்டினேன். எங்கள் ஆலையில் பருவம் தொடங்கும் நாளில் பொங்கல் பொங்கி, பிக்கு வந்து பிரித் ஓதி நூல் கட்டி, மௌலவி துஆ ஓதிய பிறகுதான் முதல் கட்டுக் கரும்பு உள்ளே போகும். மூன்றில் ஒன்று தாமதமானாலும் ரோஹண காத்திருப்பார். அப்படியொரு இடத்திலிருந்து வந்தவள் இவரைக் குறை சொல்ல முடியாது.

“உங்க வியாபாரம் எப்படி?” என்று வைத்தியநாதனைக் கேட்டேன், பேச்சை மாற்ற.

“வியாபாரமா? போன வருஷத்துலேர்ந்து கவர்மெண்ட்ல சர்க்கரையை வெளிநாட்டுக்கு அனுப்ப விடலே. மழை கொறைஞ்சா, உள்ளூர் விலை ஏறிடுமோன்னு பயந்து கதவைச் சாத்திடறா. நன்னா வெளைஞ்சா கொஞ்சம் தொறப்பா. அதுக்குள்ள உங்க கொழும்புக்காரா பிரேசில் சர்க்கரைக்குச் சொல்லிடறா. நான் இங்க ஒக்காந்துண்டு வானத்தைப் பாத்துண்டிருக்கேன்.”

“நானும் அதைத்தான் பார்க்கிறன்.”

“உங்களுக்காவது கரும்பு தெரியும். நேக்கு மேகம் மட்டுந்தான்.” அவர் சிரித்தார். “தமிழ்நாட்டுல மில்லுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லேம்மா. அரைக்கற வலு இருக்கு, அரைக்கறதுக்குக் கரும்பு இல்லே. எத்தனையோ மில் பருவத்துல பாதி நாள்கூட ஓடறதில்லே. சில மில் மூடியே போச்சு. மகாராஷ்டிரா, உத்தரப்பிரதேசம், இவாதான் இப்போ பெரிய கை. அங்கேயும் சாறுல ஒரு பங்கு பெட்ரோல்ல கலக்கற எரிசாராயத்துக்குப் போயிண்டிருக்கு.”

எங்கள் ஆலையும் தன் வலுவுக்கு அரைத்து நான் பார்த்ததில்லை. நெல்லுக்கும் சோளத்துக்கும் நடுவே ஒவ்வொரு விவசாயியையும் கரும்பில் நிறுத்திவைக்க நான் வயல் வயலாக அலைகிறேன். ஒருவர் விட்டுப் போனால் அந்த இடத்துக்கு வேறொருவர் சுலபத்தில் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை நேரத்தோடு பட்டறைக்குப் போனேன். வேலை இல்லாத இடத்துக்கு ஏன் போகிறேன் என்று எனக்கே கேள்வி இருந்தது. லேத்தில் மாட்டிய தாங்கி மாட்டியபடியே இருக்கட்டும் என்று சொல்லத்தான். சனிக்கிழமை விடிந்ததும் விட்ட இடத்திலிருந்து கடைந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கழற்றினால் மறுபடி மையம் பிடித்து மாட்ட வேண்டும். நேரமும் போகும், அளவும் பிசகலாம்.

தெருமுனையில் வாழைக்கன்று கட்டிய லாரி ஒன்று வழியை மறித்து நின்றது. இறங்கி நடந்தேன். இரு பக்கமும் பட்டறைகள் திறந்திருந்தன, ஒரு மெஷின் சத்தம்கூட இல்லை. ஒலிபெருக்கிகள் மட்டும் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஆட்கள் புதுச் சட்டையோடு மண்ணெண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே நுழைந்தபோது பெரிய லேத்து பளபளவென்று வெறுமையாக நின்றது. அந்தோணி அதற்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

“கழட்டிட்டீங்களா?”

“ஆமா மேடம். மேல வேலய வெச்சிக்கினு எப்டி பொட்டு வெக்கறது? ரெஸ்ட்டுன்னா ரெஸ்ட்டுதான்.”

“திரும்ப மாட்ட எவ்வளவு நேரமாகும்?”

“ஒரு மணி, ஒன்ற மணி ஆவும். முள்ளு ஆடாம டயல் வெச்சி பாக்கணும்ல. இங்க முள்ளு ஆடிச்சினா, உங்க ஊர்ல போய் மில்லே ஆடும்.”

என் கவலை முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். முருகவேல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தார். “இவன் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறானோ இல்லியோ, ஆயுத பூஜைக்கு மொத ஆளா வந்து நிப்பான் மேடம்” என்றார்.

“மாதாவப் பாத்துக்க ஊரே கீது ஓனரே. இந்த மெஷினுக்கு நான் ஒருத்தன்தான்” என்றார் அந்தோணி.

தாங்கிகள் இரண்டையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்திருந்தார்கள், ஸ்பானர்களுக்கும் பொரிக்கும் நடுவில். அவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கண்ணை மூடியபோது நானும் மூடினேன். மனசில் சரஸ்வதி வரவில்லை. தரையில் கிடக்கும் கரும்புதான் வந்தது. வாசலில் பூசணிக்காயை உடைத்தார்கள். குங்குமம் கலந்த சிவப்பு, மழைத்தண்ணீரோடு தெருவில் ஓடியது.

அப்போது தொலைபேசி அடித்தது. ரஹீமா உம்மா. ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்கவில்லை, உள்ளே வெறும் லேத்தின் பக்கம் போய் நின்றேன்.

“மிஸ், அங்க என்ன கலியாணமா? பாட்டெல்லாம் கேக்கிது.”

“பூசை உம்மா. இன்றைக்கு இங்க மெஷின் ஓட்டமாட்டாங்க.”

“இஞ்ச ராவு தூத்தல் விழுந்திச்சி. கரும்புத் துண்டக் கடிச்சிப் பாத்தன், இனிப்பு இறங்கிட்டு. பாணிக்காரன் நாளைக்கு மட்டும்தான் இரிக்கானாம், பொறகு அடுப்ப அணைச்சிட்டுப் போறானாம். நான் காத்திட்டு இரிக்கவா, குடுக்கவா? ஒண்டச் சொல்லுங்க மிஸ்.”

“பின்னேரம் சொல்றன் உம்மா.”

“நேத்தும் அதத்தான் சொன்னீங்க.” வைத்துவிட்டார்.

முருகவேல் பொரிப் பொட்டலத்தோடு வந்து, “ஊர்ல இன்னா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் வாழையிலைப் பக்கம் திரும்பித் தாங்கிகளைக் காட்டினார்.

“இந்த புஷ்ஷு ரெண்டுக்கும் வார்ப்பு யாருக்கு ஊத்தினது தெரியுமா மேடம்? தெக்கால ஒரு மில்லுக்கு. முன்னாடிலாம் தீபாவளி வர்றதுக்குள்ள மில்லுங்க வேல வந்து குமிஞ்சிரும், நிக்க நேரம் இருக்காது. அந்த மில்லு மெஷின் கெட்டு மூடல. ஒரு வருஷம் பாய்லர் ரிப்பேரு. வெட்டின கரும்ப வண்டில வெச்சிக்கினு கேட்டாண்ட நின்னானுங்க. நாளிக்கு ஓடும், நாளிக்கு ஓடும்னே சொல்லிக்கினு இருந்தாங்க. பாய்லரு சரியாச்சு, மில்லும் ஓடிச்சு. ஆனா அடுத்த வருஷம் நெறைய பேரு சவுக்கு வெச்சிட்டான், மிச்சப் பேரு நெல்லுக்குப் போய்ட்டான். நான் போன் போட்டு, புஷ்ஷுக்கு வார்ப்பு ரெடியா கீது, கடஞ்சிரவான்னு கேக்கறேன். அரைக்கக் கரும்பே இல்ல, புஷ்ஷு எதுக்குன்றான்.”

அவர் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பொரியை வாயில் போட்டுக்கொண்டு, பழைய வேலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். “அது உங்களுக்கு வேலைக்கு ஆச்சு பாருங்க” என்று என்னைத் தேற்றவும் செய்தார். எனக்கு அந்த வெண்கலத்தைப் பார்க்கவே முடியவில்லை.

விடுதிக்குத் திரும்பும் வழியில் எங்கள் ஆலை முகாமையாளரை அழைத்தேன். அவர் சிங்களத்தில் பேசினார், கருத்து இதுதான். “சனிக்கிழமை சாமான் ஏறிவிடும் என்றுதானே சொன்னீர்கள்? பிறகு ஏன் அவசரம்? ஒரு விவசாயிக்கு வெளியே கொடுக்க அனுமதித்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். நிற்கிற கரும்பையும் வெட்டிப் பாணிக்குப் போட்டுவிடுவார்கள். ஆலையில் உருளை இருக்கும், கரும்பு இருக்காது. காத்திருக்கச் சொல்லுங்கள்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தப் பயம்தான் எனக்கும். ஆனால் சனிக்கிழமை ஏறும் என்று நான் சொன்னபோது லேத்தில் தாங்கி மாட்டியிருந்தது. இப்போது அது வாழையிலையில் இருக்கிறது. காலையில் மையம் பிடிக்கவேண்டும், மழை வராமல் இருக்கவேண்டும், மின்சாரம் நிற்காமல் இருக்கவேண்டும், சரக்கு நேரத்துக்குள் விமான நிலையம் சேரவேண்டும். எல்லாம் நடந்தாலும், ஊரில் இறக்கி, பூட்டி, ஆலை சூடேறும்போது உம்மாவின் கரும்பு அதுவரை கரும்பாக இருக்காது. இதை நான் இரண்டு நாட்களாக அறிந்திருந்தேன். “பொறுங்க” என்பது உம்மாவுக்கு நான் சொன்ன பதில் அல்ல, ஆலைக்காக நான் கேட்ட உதவி.

பாண்டி பஜாரில் தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. குடைகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. பக்கத்து ஆட்டோவில் ஒரு தாய் மகளிடம், “பாவாடை எடுத்தா சட்டை கெடையாது, சட்டை எடுத்தா பாவாடை கெடையாது, ஏதாவது ஒண்ணச் சொல்லுடி” என்று கத்திக்கொண்டிருந்தார். மகள் அழுதுகொண்டே இரண்டும் வேண்டும் என்றாள். பின்னேரம் அழைப்பதாகச் சொன்ன உம்மாவை நான் அழைக்கவில்லை. தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சாப்பிடக் கீழே போனேன், இட்லியைப் பிய்த்து வைத்துவிட்டு மேலே வந்தேன். பரிமாறுகிறவர், “நாளைக்காவது சிரிச்சிக்கிட்டு வாக்கா” என்றார்.

சனிக்கிழமை. கண் விழித்ததும் உம்மாவை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சேவல் கூவுவதும் யாரோ கிணற்றில் வாளி விடுவதும் கேட்டது.

“உம்மா, வெட்டின கரும்பைப் பாணிக்காரருக்குக் குடுங்க. இப்பவே ஏத்துங்க.”

“சொன்னது சொன்னதுதானே மிஸ்? பொறகு ஆலயில கேட்டா?”

“கேட்டா என்ட பேரைச் சொல்லுங்க. அனுமதியை நான் எழுதி இப்ப உங்கட மகன்ட போனுக்கு அனுப்புறன்.”

“ஆலப் பெரியவருக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்லை. நானே சொல்றன்.”

அவர் தொலைபேசியை விலக்கி, “மகன், எழும்பு, பாணிக்காரனுக்குப் போன் எடு, ட்ராக்டரக் கொண்டுவரச் சொல்லு” என்று கத்துவது கேட்டது. நான் கேட்கப் பயந்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

“நிக்கிற மிச்சக் கரும்பு, உம்மா?”

“அத அவனுக்குக் குடுக்கமாட்டன்” என்றார். “நீங்க சாமானக் கொண்டுவந்து சேருங்க. ஆல ஓடுற சத்தம் என்ட காதுல விழட்டும். அதுக்குப் பொறகுதான் கத்தியத் தொடுவன்.”